ஆவியாய் வரும் நிக்கோடின்

புகையிலையைக் கொளுத்திப் புகைப்பதனால் விளையும் கேடுகளைப் பற்றி இன்று அறிஞரிடையே அபிப்பிராய பேதம் ஏதுமில்லை. புற்றுநோயும், இருதய வியாதியும், நுரையீரல் நலிவும் அதன் நேரான பலன்கள் என்பதை வைத்திய சாஸ்திரம் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டிவிட்டது. ஆனால், இலை எரியாமல், புகை எழாமல், மின்கலத்தின் சூட்டினால் ஆவியாக்கப்பட்ட ஒரு திரவத்தின் வாயிலாக, புகையிலையின் சாரமாகிய நிக்கோடினை மாத்திரம் மூச்சோடு உள்ளிழுத்துக்கொள்ளும் வழக்கம் சென்ற இருபது ஆண்டுகளில் நாடுகள்தோறும் பரவியிருப்பதால், அந்த ஆவி மனிதனை எந்த அளவுக்கு அடிமைப்படுத்தக்கூடும் என்ற கேள்வி தனியாக விசாரிக்கப்பட வேண்டியதாகிவிட்டது. சிகரெட்டுக்கு நிகராக அடிமைப்படுத்தும் என்பார் ஒரு சாரார்; அதைக் காட்டிலும் மிகக் குறைவு என்பார் மற்றொரு சாரார். இருவரும் தக்க பரிசோதனைகளையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இந்த முரண்பாட்டுக்குக் காரணம், எந்தக் கருவி, எந்தத் திரவம், எந்த வயதினர் என்பதைக் கூறாமலேயே இரு சாராரும் விடையளிக்க முற்படுவதுதான் என்பது என் துணிபு.

புகையிலைப் பழக்கத்தின் மூலகாரணம் நிக்கோடினே என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் நகரத்தில் போசெல்ட், ரைமான் என்ற இருவர் 1828-ஆம் ஆண்டிலேயே அந்த வஸ்துவைப் புகையிலையிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்துவிட்டனர். 1942-இல் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நிக்கோடினை ஊசி மூலம் தம் உடம்பிலும், மனமுவந்து முன்வந்த வேறு சிலருடைய உடம்பிலும் ஏற்றிப் பார்த்து, ஏறக்குறைய எண்பது ஊசிகளுக்குப் பிறகு சிகரெட்டைவிட ஊசியையே தாம் விரும்பத் தொடங்கியதாகவும், ஊசியை நிறுத்தியபோது ஏக்கம் உண்டானதாகவும் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அவருடைய கூற்றைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை 1964-இல் உரத்த குரலில் உலகத்துக்கு அறிவித்த அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கைகூட, புகைப்பதை ஒரு பழக்கம் என்று சொல்லியதேயன்றி, லாகிரி வஸ்துக்களுக்கு அடிமையாவதோடு சேர்த்து எண்ணவில்லை. அந்தப் பதவியில் பின்னாளில் அமர்ந்த எவரெட் கூப் 1988-இல் வெளியிட்ட அறிக்கைதான், ஹெராயினும் கொக்கேயினும் எந்த முறையில் மனிதனைக் கட்டுப்படுத்துகின்றனவோ அதே முறையில்தான் நிக்கோடினும் கட்டுப்படுத்துகிறது என்பதை விரிவான ஆதாரங்களோடு நிர்ணயித்தது. அதன் பிறகும், 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்றின் முன் சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு, நிக்கோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். இந்தச் சரித்திரத்தை அறிந்தவர்கள், நிக்கோடினை விற்பவர்கள் அதைப் பற்றிக் கூறும் ஆறுதல் மொழிகளை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கு அசிட்டைல்கோலின் என்னும் இயற்கைப் பொருள் பயன்படுகிறது. அதனை ஏற்றுக்கொள்ள அணுக்களின் மேற்பரப்பில் அமைந்திருக்கும் ஏற்பிகளில் ஒருவகையில் நிக்கோடினும் கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. நடுமூளையில் உள்ள சில அணுக்களின் மேல் இவ்வாறு அது படிந்ததும், இன்பத்தையும் நாட்டத்தையும் தூண்டும் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது; எந்தச் செயல் அந்தச் சுரப்பை விளைவித்ததோ அந்தச் செயலை மீண்டும் செய் என்று மூளை கற்றுக்கொள்கிறது. இந்த ஏற்பியின் ஒரு முக்கியமான பகுதி இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள் நிக்கோடினைத் தாமாகத் தேடிப் பெறுவதில் நாட்டம் காட்டவில்லை என்று 1998-இல் வெளிவந்த பரிசோதனை, இந்த விளக்கத்துக்குப் பலமான சான்றாயிற்று. நாளடைவில் மூளை ஏற்பிகளின் தொகையைப் பெருக்கிக்கொள்கிறது. பிறகு நிக்கோடின் கிடைக்காத வேளைகளில் சிடுசிடுப்பும், மனக்கலக்கமும், எதிலும் கருத்தூன்ற முடியாத நிலையும், தூக்கக் குறைவும் தோன்றுகின்றன. தொடக்கத்தில் இன்பத்துக்காக நாடியதை, இப்போது துன்பம் வராதிருப்பதற்காக நாட வேண்டியதாகிறது.

இவ்வளவும் நிக்கோடின் எந்த வழியாக உட்சென்றாலும் நிகழக்கூடியதே. எனினும் வழிக்கும் வேகத்துக்கும் உள்ள முக்கியத்துவம் பெரிது. உடம்பில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோடின் பட்டை அந்தப் பொருளை மணிக்கணக்கில் சிறுகச் சிறுக ரத்தத்தில் கசியவிடுகிறது. அதற்கு அடிமையானவர்களைக் காண்பது மிக அரிது. நிக்கோடின் கலந்த மெல்லும் பிசின் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் உச்ச அளவை எட்டுகிறது. அதை விட முடியாமல் ஆண்டுக்கணக்கில் மெல்லுகிறவர்கள் உண்டு, ஆனால் மிகச் சிலரே. சிகரெட் புகையிலுள்ள நிக்கோடினோ, விரித்தால் ஒரு பெரிய கூடத்தின் தரையளவுக்குப் பரவக்கூடிய நுரையீரலின் நுண்ணறைகளில் படிந்து, அங்கிருந்து இருதயத்தின் இடப்பக்கத்துக்குப் போய், பத்து முதல் இருபது விநாடிகளுக்குள் மூளையைச் சென்று சேருகிறது. ஒவ்வோர் இழுப்பும் ஒரு தனி மாத்திரை. ஒவ்வொரு மாத்திரைக்கும் உடனே ஒரு பரிசு. செயலுக்கும் பரிசுக்கும் இடையே காலம் குறையக் குறைய மூளையில் அந்தப் பாடம் ஆழமாகப் பதிகிறது. ஆண்டிஸ் மலைவாசிகள் பல நூற்றாண்டுகளாக மென்றுவந்த கோக்கா இலைக்கும், 1980-களில் அமெரிக்க நகரங்களில் புகையாக இழுக்கப்பட்ட கொக்கேயினுக்கும் உள்ள வித்தியாசமும் பெரும்பாலும் இதுவே: வஸ்து ஒன்று, வேகம் வேறு.

இதிலிருந்து, மெதுவாகச் செல்லும் நிக்கோடின் தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் 2016-17-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி வயது வந்தோரில் 28.6 சதவிகிதத்தினர் புகையிலையை ஏதாவதொரு வடிவில் உபயோகித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் அல்லர், வாயில் அடக்கிக்கொள்பவர்கள். வெற்றிலையோடும் சுண்ணாம்போடும் புகையிலையைச் சேர்த்து மெல்லும் முதியவர் ஒருவரிடம், அதை நாளை முதல் விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு, வாய்வழிச் செல்லும் நிக்கோடினின் பிடி எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. இங்கே சுண்ணாம்பு செய்யும் காரியமும் கவனிக்கத்தக்கது: அதன் காரத்தன்மையால் நிக்கோடின் கட்டற்ற நிலையை அடைந்து, கன்னத்தின் உட்தோல் வழியே விரைவாக ரத்தத்தில் கலக்கிறது. ஆவியின் கதையைப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோல் இந்த ரசாயன விஷயத்திலேயே இருக்கிறது.

சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. அதிலுள்ள கட்டற்ற நிக்கோடின் தொண்டையைக் கடுமையாக உறுத்துவதால், சுருட்டுப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் புகையை உள்ளே இழுப்பதில்லை. வாயிலேயே நிறுத்தி வெளியே விட்டுவிடுகிறார்கள். சூட்டறைகளில் பதப்படுத்தப்பட்ட இலையால் செய்த சிகரெட்டின் புகையோ அமிலத்தன்மை உடையது. அதில் நிக்கோடின் உப்பு நிலையில் இருப்பதால் தொண்டையை அவ்வளவாக உறுத்தாமல் நுரையீரலின் அடிவரை சுலபமாக இறங்குகிறது. அங்கே இறங்கிய பின், உடம்பின் இயல்பான காரநிலை அதை விடுவித்து ரத்தத்தில் கலக்கச் செய்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் சிகரெட் உலகத்தை வென்றதற்கு விளம்பரமும் இயந்திர உற்பத்தியும் காரணங்களே எனினும், மூச்சோடு இழுக்கத்தக்க இந்த மென்மை இல்லாதிருந்தால் அவை இரண்டும் அவ்வளவு தூரம் பலித்திரா.

சீன மருந்தாளர் ஹோன் லிக் 2003-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய, நிக்கோடின் ஆவியைத் தரும் மின்சிகரெட், இந்த மென்மையைப் பெறாமலேயே சந்தைக்கு வந்தது. அக்காலத்துத் திரவங்களில் நிக்கோடின் கட்டற்ற நிலையில் இருந்தது. அளவைக் கூட்டினால் தொண்டை எரிந்தது, குறைத்தால் பலன் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த தாமஸ் ஐசன்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர், அப்போது விற்பனையில் இருந்த கருவிகளைப் புகைப்பவர்களிடம் கொடுத்துச் சோதித்து, அவற்றால் ரத்தத்தில் நிக்கோடின் சொல்லும்படியாக உயரவில்லை என்று 2010-இல் அறிவித்தார். இந்த முடிவை வைத்துக்கொண்டு, ஆவியினால் அடிமைப்படும் அபாயம் அற்பமானது என்று அந்நாட்களில் பலர் எழுதினார்கள். ஆனால் அதே ஆராய்ச்சிக் குழுவினர், நீண்ட காலம் பழகியவர்களைத் தங்களுடைய சொந்தக் கருவிகளோடு வரவழைத்து மறுபடியும் சோதித்தபோது, சிகரெட்டோடு ஒப்பிடத்தக்க அளவில் நிக்கோடின் ரத்தத்தில் ஏறுவதை 2013-இல் கண்டார்கள். கருவி வளர்ந்திருந்தது, கையாளும் திறனும் வளர்ந்திருந்தது.

பெரிய மாறுதல் 2015-இல் வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆடம் போவன், ஜேம்ஸ் மான்சீஸ் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் ஜூல் என்ற கருவியை அவ்வாண்டு வெளியிட்டது. அதன் திரவத்தில் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிக்கோடினை உப்பாக்கியிருந்தார்கள். சிகரெட் இலையில் இயற்கையாக நேர்ந்தது இங்கே ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே நிகழ்த்தப்பட்டது. இதன் பலனாக, முன்னெல்லாம் தாங்க முடியாதிருந்த செறிவு, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 59 மில்லிகிராம், பழங்களின் வாசனையோடும் புதினாவின் குளிர்ச்சியோடும், முதன்முறையாக இழுக்கும் சிறுவனுக்குக்கூட இருமல் வராமல் இறங்கியது. ஒரு சிறு குப்பியில் ஏறத்தாழ 40 மில்லிகிராம் நிக்கோடின் அடங்கியிருந்தது. ஒரு சிகரெட்டிலிருந்து புகைப்பவர் உடம்பில் சேர்வது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் தன்மை விளங்கும். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் இத்திரவங்களின் செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டின் விதி வரம்பு கட்டியிருந்தது. அமெரிக்காவில் அத்தகைய வரம்பு ஏதும் இல்லை.

விளைவு பள்ளிக்கூடங்களில் தெரிந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில், சென்ற முப்பது நாட்களுக்குள் மின்சிகரெட்டைப் பயன்படுத்தியவர்கள் 2017-இல் 11.7 சதவிகிதம், மறு ஆண்டு 20.8, அதற்கடுத்த ஆண்டு 27.5. ஐந்தில் ஒருவருக்கு மேல் என்ற நிலை வந்த 2018-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் மாதத்தில், அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி இதை ஒரு கொள்ளைநோய் என்றே பிரகடனம் செய்தார். பிறகு வயது வரம்பு 21-க்கு உயர்ந்ததும், வாசனைக் குப்பிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதும், பெற்றோரின் விழிப்பும் சேர்ந்து, 2024-இல் இந்தத் தொகை 7.8 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால் அவ்வாண்டு இதைப் பயன்படுத்திய மாணவர்களுள் நாலில் ஒருவருக்கு மேல் தினந்தோறும் பயன்படுத்துபவர்களாக இருந்தார்கள் என்ற செய்தியை, மொத்தத் தொகை குறைந்த மகிழ்ச்சியில் மறந்துவிடலாகாது. விளையாட்டாக வந்தவர்கள் விலகிப் போனார்கள், பிடிபட்டவர்கள் தங்கிவிட்டார்கள்.

மறுபக்கத்து ஆதாரங்களையும் அதே கவனத்தோடு பார்ப்பது நியாயம். முன்பு சிகரெட் புகைத்து, பின்னர் ஆவிக்கு மாறியவர்களைக் கேட்டால், அவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டிடம் தங்களுக்கு இருந்த அடிமைத்தனம் இப்போது ஆவியிடம் இருப்பதைக் காட்டிலும் கடுமையானது என்றே சொல்கிறார்கள். காலையில் கண்விழித்து எத்தனை நிமிஷங்களுக்குள் கருவியைத் தேடுகிறார்கள் என்பது போன்ற அளவுகோல்களும் அதையே காட்டுகின்றன. இதற்கு ஒரு ரசாயன விளக்கமும் உண்டு. புகைப்பவர்களின் மூளையில், டோபமினைச் சிதைக்கும் மோனோ அமீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியின் அளவு நாற்பது சதவிகிதம் வரை குறைந்திருப்பதை அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜோவானா ஃபௌலர் குழுவினர் 1996-இல் படம்பிடித்துக் காட்டினார்கள். இது நிக்கோடினின் வேலை அன்று. புகையிலுள்ள வேறு பொருள்களின் வேலை. ஆகவே சிகரெட்டில் நிக்கோடினுக்குத் துணை நின்று அதன் பிடியை இறுக்கும் சக்திகள் ஆவியில் இல்லை, அல்லது மிகக் குறைவு. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிஞர் குழு, எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து 2018-இல் வெளியிட்ட அறிக்கையும், மின்சிகரெட்டினால் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் உண்டாகின்றன என்பதற்குக் கணிசமான சான்று உண்டென்றும், அந்த அடிமைத்தனத்தின் அபாயமும் கடுமையும் சிகரெட்டைவிடக் குறைவு என்பதற்கு நடுத்தரமான சான்று உண்டென்றும் ஒரே மூச்சில் கூறியது. அந்த அறிக்கை தயாரானபோது நிக்கோடின் உப்புத் திரவங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஆரம்ப நிலையிலேயே இருந்தது என்பதையும், சிகரெட்டிலிருந்து மாறி வந்த பெரியவர்களைப் பற்றி அறிந்ததை, எதையும் புகைத்தறியாத பிள்ளைகளுக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

புகைப்பதை நிறுத்துவதற்கு இந்த ஆவி உதவுகிறதா என்பது அடிமைத்தனத்தோடு பின்னிக் கிடக்கும் விஷயம். மனிதர் புகைப்பது நிக்கோடினுக்காக, மடிவது புகையிலுள்ள தாரினால் என்ற கருத்தை லண்டனில் மனநல மருத்துவராயிருந்த மைக்கேல் ரஸ்ஸல் 1976-இலேயே வெளியிட்டிருந்தார். நிக்கோடினைப் புகையிலிருந்து பிரித்துக் கொடுத்தால் உயிர்கள் பிழைக்கும் என்ற எண்ணத்தின் வித்து அதுவே. 2019-இல் இங்கிலாந்தில் 886 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையில், மின்சிகரெட் பெற்றவர்களில் 18 சதவிகிதத்தினரும், பட்டை, பிசின் முதலியன பெற்றவர்களில் 9.9 சதவிகிதத்தினரும் ஓராண்டு முடிவில் புகையை விட்டிருந்தார்கள். இது பெரிய வெற்றி. இதை மறுப்பவர்கள் எரிபுகையினால் மடியும் மனிதர்களை மறந்தவர்கள். ஆனால் அதே பரிசோதனையில், மின்சிகரெட்டினால் புகையை விட்டவர்களுள் எண்பது சதவிகிதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் மின்சிகரெட்டை விடவில்லை. மற்ற முறைகளால் விட்டவர்களுள் அந்த முறைகளைத் தொடர்ந்தவர்கள் ஒன்பது சதவிகிதத்தினர் மட்டுமே. ஆபத்து குறைந்தது, அடிமைத்தனம் இடம் மாறியது. ஐம்பது வயதுப் புகைப்பாளிக்கு இந்தப் பண்டமாற்று லாபகரமானதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இளம்பருவத்தின் கணக்கு வேறு. தீர்மானிக்கும் ஆற்றலுக்கும் தன்னடக்கத்துக்கும் இருப்பிடமான மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சி பெறுகிறது. அதற்குமுன் வந்து படியும் நிக்கோடின், கற்றலின் பாதைகளையே தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜோசப் டிஃப்ரான்ஸா என்ற மருத்துவர், சிகரெட்டைத் தொட்ட பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, தினமும் புகைக்கும் நிலையை எட்டுமுன்பே, சிலர் தொடங்கிய சில வாரங்களிலேயே, ஏக்கத்தையும் விட முடியாத இயலாமையையும் உணர்ந்தார்கள் என்று 2000-இல் எழுதினார். ஆவியின் அமைப்போ இந்த இயலாமைக்கு மேலும் இடந்தருகிறது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பத்துப் பதினைந்து இழுப்பில் அது கரிந்து தீர்கிறது. மின்கருவிக்கு அத்தகைய எல்லை இல்லை. நெருப்பும் நாற்றமும் இல்லாததால், படுக்கையறையிலும், கழிவறையிலும், ஆசிரியர் முகம் திருப்பிய நொடியிலும் இழுக்க முடிகிறது. எந்த இடமும் எந்த வேளையும் அந்தப் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. எத்தனை உட்கொண்டோம் என்று எண்ணிப் பார்க்கும் வசதியும் மறைந்துபோகிறது.

ஆவியில் தொடங்கும் பிள்ளைகள் பின்னர் சிகரெட்டுக்குச் செல்வார்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆவியை நாடிய பிள்ளைகளுள் பிற்காலத்தில் சிகரெட்டைத் தொடுபவர்கள் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் கண்டது. நோபல் பரிசு பெற்ற எரிக் கான்டெலும் அவர் மனைவி டெனீஸும், முதலில் நிக்கோடின் ஊட்டப்பட்ட சுண்டெலிகள் பிறகு கொக்கேயினுக்கு அதிகமாக வசப்படுவதையும், வரிசையை மாற்றினால் அவ்வாறு நேராததையும் 2014-இல் எடுத்துக் காட்டினார்கள். எனினும் துணிச்சலும் மனச்சஞ்சலமும் உள்ள பிள்ளைகள் இரண்டையும் நாடுவது இயல்புதானே என்ற எதிர்வாதமும் வலுவுள்ளது. அமெரிக்க மாணவரிடையே ஆவி பெருகிய அதே ஆண்டுகளில் சிகரெட் பழக்கம் தொடர்ந்து குறைந்துவந்ததும் மெய். என்னைக் கேட்டால், இந்த விவாதத்துக்கு அளவுக்கு மீறிய இடம் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆவி வேறெதற்கும் வாயிலாக அமையாவிட்டாலும், அதுவே ஒரு சிறையாக அமையுமாயின் அதுவே போதுமான தீங்கு.

அடிமைப்படும் தன்மையில் ஆளுக்கு ஆள் பேதங்களும் உண்டு. நிக்கோடினைக் கல்லீரலில் விரைவாகச் சிதைப்பவர்கள் அடிக்கடி தேடுகிறார்கள். மெதுவாகச் சிதைப்பவர்கள் ஓரளவு தப்பிக்கிறார்கள். மனச்சோர்வு உடையவர்கள் எளிதில் சிக்குகிறார்கள்.

நம் இந்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும், அவ்வாண்டு இறுதியில் நிரந்தரச் சட்டமாகவும், மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகளைக் காக்கும் நோக்கத்தில் இது போற்றத்தக்கதே. ஆயினும் பீடியும் சிகரெட்டும் பெட்டிக்கடைதோறும் விற்பனையாகும் நாட்டில், தடையால் மறைவுச் சந்தைக்குத் தள்ளப்பட்ட கருவிகளில் எவ்வளவு செறிவான திரவம் இருக்கிறது என்பதை வாங்குபவன் அறிய வழியில்லை. வேகமும் செறிவுமே அடிமைத்தனத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன என்பது மேலே கண்ட ஆராய்ச்சிகளின் தெளிவான முடிவு. ஆகையால், விற்பனையை அனுமதிக்கும் நாடுகள் செறிவுக்கும் அமிலச் சேர்க்கைக்கும் வரம்பு கட்டத் தவறுவது பெரும் பிழை, தடை செய்துள்ள நாடுகள் பள்ளிகளில் இந்த உண்மையைக் கற்பிக்கத் தவறுவதும் பிழையே.

இந்தப் பிடியில் சிக்கியிருப்பவர்கள், அது புகையாயினும் ஆவியாயினும் வாயில் அடக்கும் புகையிலையாயினும், தங்கள் மனவலிமைக் குறைவை நொந்துகொண்டு தனித்திருக்க வேண்டியதில்லை. பட்டையும் பிசினும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மருத்துவரின் ஆலோசனையோடு அவற்றைக் கையாளலாம். 1800-112-356 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்து, பழக்கத்தை விடுவதற்கான யோசனையைத் தமிழிலேயே பெறலாம்.